பெயர் சுட்டாமையும் வேப்பந்தாரும்: இணையத்தில் மறைந்திருத்தலின் வரலாறு

அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களுக்குள் எல்லா மாந்தரும் அடங்கிவிடுவர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை இம்மரபை எழுத்தளவில் மீறவில்லை. அதன் 188 அடிகளில் ஓரிடத்திலும் அரசன் பெயர் இல்லை. அரசியின் பெயரும் இல்லை. அரண்மனையில் வாடும் தலைவியையும் பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது திரியும் தலைவனையும் நக்கீரர் பாடுகிறார். ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை அகப்பாட்டாக ஏற்கவில்லை. பாசறையில் ஏந்திய வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. ஆதலால் பாடப்பட்டவன் பாண்டியன். ஆதலால் பாட்டும் புறம். பெயர் மறைக்கப்பட்டது, ஒரு கொத்து வேப்பிலை ஆளைக் காட்டிவிட்டது.

அடையாளம் என்பது பெயரில் மட்டும் இல்லை என்பதை உணர்ந்த இவ்வுரைமரபு, இணையத்தில் தம்மை மறைத்துக்கொள்ள விரும்புவோர் கடந்த நாற்பது ஆண்டுகளில் கற்ற பாடத்தை விளங்கிக்கொள்ள உதவுகிறது. மறைப்புக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து ஒன்றை வாங்கிக்கொள்கின்றன. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதே இவ்வுரையின் பொருள். ‘தனியுரிமை’ என்ற சொல்லையே இங்குப் பயன்படுத்துகிறேன். அது முன்னர் ‘ஒருவருக்கே உரிய வாணிப உரிமை’ என்ற பொருளிலும் வழங்கியதால் முழு மனநிறைவு தருவதன்று. ‘அந்தரங்கம்’ என்பது பொருளால் நெருங்கியது. ஆனால் சட்டத்தமிழ் அதனை ஏற்கத் தயங்குகிறது.

கணினிக்கு முன்பே இச்சிக்கல் தொடங்கிவிட்டது. 1844ஆம் ஆண்டு, இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலியப் புரட்சியாளர் மாட்சினி, தமக்கு வரும் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்படுவதாக ஐயுற்றார். உறைக்குள் கசகசா விதைகளையும் மணலையும் இட்டு அனுப்பச் செய்தார். கடிதம் வந்து சேர்ந்தபோது அவை இல்லை. செய்தி நாடாளுமன்றத்துக்குச் சென்றது. உள்துறை அமைச்சர் கிரஹாமின் ஆணைப்படி அஞ்சலகமே கடிதங்களைப் பிரித்தது வெளிப்பட்டது. மக்கள் தம் கடித உறைகளின்மேல் ‘கிரஹாம் செய்யாதீர்’ என்ற பொருள்பட எழுதத் தொடங்கினர். ஒருவரின் பெயர் ஒரே ஆண்டில் வினைச்சொல்லாக மாறியது மொழியியலார்க்குச் சுவையான செய்தி. ஆனால் ‘பிரிக்காதீர்’ என்று எழுதப்பட்ட உறைதான் குவியலில் முதலில் கண்ணில் படும் என்பதையும் நினைக்க வேண்டும். இக்குறைபாடு பின்னர் மீண்டும் வரும்.

இணையத்தின் கண்காணிப்பு வரலாறு 1994இல் ஒரு சிறு வசதியோடு தொடங்குகிறது. அக்கால வலைத்தளங்களுக்கு நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சென்றால், வந்தவர் யார் என்பதைத் தளம் மறந்துவிடும். கடைக்கூடையில் பொருளை இட்டுவிட்டு அடுத்த பக்கம் சென்றால் கூடை வெறுமையாகிவிடும். நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மோன்டுல்லி இதற்குக் கண்ட தீர்வே ‘குக்கி’. தளம் ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் ஒப்படைக்கும். உலாவி அடுத்த முறை அதனைத் திருப்பிக் காட்டும். உலாவி ஒவ்வொன்றுக்கும் ஒரே நிலையான எண்ணைக் கொடுத்துவிடலாம் என்ற எளிய வழியும் அப்போது இருந்தது. அவ்வாறு செய்தால் எல்லாத் தளங்களும் அந்த எண்ணைக் கொண்டு ஒருவரைத் தொடரக்கூடும் என்று கருதியே அதனைத் தவிர்த்துக் குக்கியை வகுத்தனர். அதாவது, கண்காணிப்பின் சின்னமாக இன்று பேசப்படும் இக்கருவி கண்காணிப்பைத் தடுக்கும் நோக்கோடு உருவானது.

விளம்பர நிறுவனங்கள் இதில் ஒரு வாயிலைக் கண்டன. பல தளங்களில் தம் விளம்பரப் படத்தை இட்டால், அப்படம் வழியே எல்லாவற்றிலும் ஒரே குக்கியைப் படிக்கலாம். 1997இல் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணம் இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்புநிலையில் ஏற்கக்கூடாது என்று கூறியது. பெரிய உலாவி நிறுவனங்கள் அதனைப் பின்பற்றவில்லை. மோன்டுல்லி பின்னாளில் தந்த விளக்கம் சிந்திக்கத் தக்கது: குக்கியைப் பயனர் காணலாம், அழிக்கலாம், அதை மூடினால் விளம்பரத்தார் கண்ணுக்குத் தெரியாத வேறு வழியை நாடுவர் என்பது அவர் கருத்து. இவ்வாதத்தில் நிறுவனத்தின் நலமும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவர் முன்னுரைத்தது பெரும்பாலும் நிகழ்ந்தது.

மறைப்புக் கருவிகளின் வரலாற்றில் நான் மாணவர்க்கு முதலில் சொல்ல விரும்புவது பின்லாந்தின் கதை. 1993 அளவில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் ஓர் அஞ்சல் மாற்றியை நடத்தத் தொடங்கினார். ஒருவர் அவர் கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அனுப்பியவர் பெயரை நீக்கி, ஓர் எண்ணை இட்டு, அக்கணினி மடலை மேலே அனுப்பும். மறுமொழியும் அவ்வெண் வழியே திரும்பி வரும். வன்கொடுமைக்கு ஆளானோரும், நோயைப் பற்றி வெளியில் பேச இயலாதோரும், அரசியல் அச்சம் உடையோரும் அதனைப் பயன்படுத்தினர்; வசைபாட விரும்பியோரும் பயன்படுத்தினர். சில ஆண்டுகளில் பயனர் அரை மில்லியனைத் தாண்டினர். பயன்படுத்த எளிது, கட்டணம் இல்லை. ஆனால் எந்த எண் எவருடையது என்ற அட்டவணை அந்த ஒரே கணினியில் இருந்தது. 1995இல் சயன்டாலஜி அமைப்பு தன் ஆவணங்கள் களவுபோயின என்று முறையிட, பின்லாந்துக் காவல்துறை வழியே ஒரு பயனரின் முகவரியை அவர் வெளியிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றமும் அவ்வாறே கேட்டபோது, ஆகஸ்டு 1996இல் அவர் சேவையை மூடினார். ஹெல்சிங்கியஸின் நேர்மையை எவரும் ஐயுறவில்லை. நேர்மையான ஒருவரிடம் பட்டியல் இருந்தது. பட்டியல் இருந்ததே போதுமானதாயிற்று.

இதற்குரிய மாற்று, அவர் தொடங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்கக் கணினியியலாளர் டேவிட் சாம் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே அஞ்சலகத்தை நம்பாமல் பல அஞ்சலகங்களை வரிசையாக நம்பும் முறையை விளக்கினார். மடலை உறைக்குள் உறையாக மறைகுறியிட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அஞ்சலகமும் தன் உறையை மட்டும் பிரிக்கும். பல மடல்கள் சேரும்வரை காத்திருந்து, வரிசையைக் கலைத்து, அடுத்த இடத்துக்கு விடும். அனுப்பியவரையும் பெறுபவரையும் ஒருசேர அறிந்தவர் எவருமில்லை. விலை, காலத்தாழ்வு. மடல்கள் சேரக் காத்திருக்க வேண்டுமாதலால், மின்னஞ்சலுக்கு இது பொருந்தும். வலைப்பக்கத்தைச் சொடுக்கியவர் அவ்வளவு நேரம் பொறுத்திருக்கமாட்டார்.

1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் அறிஞர்கள், காத்திருத்தலையும் கலைத்தலையும் விடுத்து, உறைக்குள் உறை என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். வெங்காயச் சருகுகளைப் போல அடுக்கடுக்காக இருந்ததால் அதற்கு வெங்காய வழிச்செலவு என்று பெயரிட்டனர். பால் சைவர்சன், ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் ஆகியோர் அதனைச் செம்மைப்படுத்தியதே 2002இல் வெளிவந்த ‘டோர்’. மூன்று இடைநிலைக் கணினிகள் வழியே பயணிக்கும் செய்தி விரைவாகச் செல்லும். ஆனால் இரு முனைகளையும் ஒருவரே கவனித்தால், இங்கு நுழைந்த நேரத்தையும் அங்கு வெளியேறிய நேரத்தையும் ஒப்பிட்டு ஆளைக் கண்டுவிடலாம். வடிவமைத்தோரே இதனை மறைக்காமல் எழுதியுள்ளனர். விரைவுக்காகக் கொடுத்த விலை அது.

கடற்படையின் கருவி எதற்காகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை எளிது. கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தினால், அவ்வழியே வருபவர் எவராயினும் கடற்படையினர் என்பது வெளிப்படை. மறைய வேண்டுமானால் கூட்டம் வேண்டும். கூட்டத்தில் பலதரத்தார் இருக்க வேண்டும். உளவாளியும் செய்தியாளரும் மாணவியும் குற்றவாளியும் ஒரே திரைக்குள் நிற்கும்போதுதான் திரை ஒவ்வொருவரையும் காக்கிறது. அகத்திணையின் ‘தலைவன்’ என்ற சொல்லும் இவ்வாறுதான் காத்தது: எல்லாரும் தலைவராக இருந்ததால் எவரும் தனித்துத் தெரியவில்லை.

கூட்டம் சிறுத்தால் நிகழ்வது என்ன என்பதற்கு 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லலாம். தேர்வை எழுத விரும்பாத மாணவர் ஒருவர், வளாகத்தில் வெடிகுண்டு இருப்பதாக டோர் வழியே மின்னஞ்சல் அனுப்பினார். மறைகுறியை எவரும் உடைக்கவில்லை. அஞ்சல் டோர் வழியே வந்தது என்பது தெரிந்தது; அந்நேரத்தில் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லா இணைப்பில் டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்தனர். விசாரணையில் அவர் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது குற்றம். பிடிபட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே வளாகத்தில், அதே நேரத்தில், குற்றமற்ற காரணத்துக்காக அக்கருவியைத் திறந்திருந்த எவரும் அதே சல்லடையில் நின்றிருப்பர்.

இன்று விளம்பரங்களில் அதிகம் காணப்படும் விபிஎன் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1990களில், வெளியூரிலிருந்து பணியாற்றும் ஊழியர் அலுவலகப் பிணையத்தில் பாதுகாப்பாக நுழைவதற்கு அமைந்த முறை அது. தனியுரிமைக் கருவி என்று பின்னர் விற்கப்பட்டது. உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்து, விபிஎன் நிறுவனத்திடம் எல்லாவற்றையும் காட்டுகிறது. நம்பிக்கை இடம் மாறுகிறது. பின்லாந்து அட்டவணை வேறொரு நாட்டில் வேறொருவரிடம் இருக்கிறது. 2022இல் இந்திய அரசு இத்தகைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று பணித்தபோது, சில நிறுவனங்கள் தம் வழங்கிகளை அந்நாட்டிலிருந்து அகற்றின. ஒரு நிறுவனம் சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் உள்ள வழங்கிகள் வழியே இந்திய முகவரியைத் தொடர்ந்து தந்தது. எந்நாட்டுச் சட்டம் எந்த இயந்திரத்தைத் தொடும் என்பதைச் சந்தா செலுத்துவோருள் எத்தனை பேர் எண்ணிப் பார்ப்பர்?

இனி வேப்பந்தாருக்கு வருகிறேன். 2010இல் பீட்டர் எக்கர்ஸ்லி என்பவர் மின்னணு எல்லை அறக்கட்டளையின் சார்பில் ஓர் ஆய்வு நடத்தினார். குக்கியையும் பெயரையும் முகவரியையும் விட்டுவிட்டு, உலாவி தானாக வெளியிடும் சிறு செய்திகளை மட்டும் சேர்த்தார்: உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, நேர வலயம், இணைப்புநிரல்கள், நிறுவப்பட்ட எழுத்துருக்கள். 470,161 உலாவிகளை ஒப்பிட்டதில் 83.6 விழுக்காடு வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. ஃபிளாஷ் அல்லது ஜாவா இருந்தவற்றுள் அது 94.2 விழுக்காடு. பயனரை மிகுதியாகக் காட்டிக்கொடுத்தவை இணைப்புநிரல்களின் பட்டியலும் எழுத்துருக்களின் பட்டியலும்.

அவ்வாய்வின் கூர்மையான பகுதி மறைந்திருக்க முயன்றோரைப் பற்றியது. சிலர் தம் உலாவியை ஐபோன் என்று பொய்யாகக் காட்டியிருந்தனர். ஆனால் அவ்வுலாவியில் ஃபிளாஷ் இருந்தது. ஐபோனில் ஃபிளாஷ் இயங்காது. பொய் சொல்லும் ஐபோன் என்பது உலகில் அரிய பொருள். அதனால் அவர் முன்னினும் எளிதில் அடையாளம் காணப்பட்டார். ‘என்னைத் தொடராதீர்’ என்று தளங்களுக்கு அறிவிக்கும் குறியை 2011 முதல் உலாவிகள் தரத் தொடங்கியதும் இதே வழியில் முடிந்தது. விளம்பரத்தார் அதை மதிக்கவில்லை. தரப்படுத்தும் குழு 2019இல் கலைந்தது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் சஃபாரி உலாவியிலிருந்து அக்குறியை நீக்கியது. அக்குறியே ஆளை அடையாளம் காட்டும் கூறாகப் பயன்படலாம் என்பது அது கூறிய காரணம். 1844இன் கடித உறைக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

உலாவியை மாற்றலாம், நடையை மாற்றுவது கடினம். 1964இல் மாஸ்டெல்லரும் வாலஸும், ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வெளிவந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள் ஐயத்துக்குரியவை மாடிசனுடையவை என்று, இடைச்சொற்களை ஒத்த சிறு சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டே காட்டினர். தமிழிலும், ‘இந்தியா’ இதழில் பெயரின்றி வெளிவந்த கட்டுரைகளைப் பாரதியாரின் நடையோடு புள்ளியியல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு உண்டு. அவ்விதழின் வரலாற்றில் மற்றொரு செய்தியையும் மறக்கலாகாது. 1908இல் அரசு வழக்குத் தொடுத்தபோது சிறை சென்றவர், பதிவேட்டில் ஆசிரியர் என்றிருந்த சீனிவாசன். எழுதிய பாரதியார் புதுச்சேரி சென்றார். ஒருவரின் மறைவுக்கு மற்றொருவர் விலை கொடுப்பதும் உண்டு. டோரின் வெளியேறு கணினியைத் தம் இல்லத்திலிருந்து நடத்துவோர், பிறர் செய்த செயலுக்காகக் காவல்துறையினரின் கேள்விக்கு ஆளாவதை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

மொழி மன்றத்தின் அரங்கில் பேசுவதால், எழுத்துருவைப் பற்றியே மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன். 1990களில் தமிழ் இணையத்தில் ஏறியபோது ஒருங்குறி பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. முரசு அஞ்சல், கணியன், மயிலை என ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு. ஒவ்வொன்றையும் வாசகர் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டின் முதன்மையான கவலையே இக்குறியீட்டுக் குழப்பந்தான். அன்று தமிழ் படிக்க நாம் நிறுவிய எழுத்துருக்கள், எக்கர்ஸ்லி காட்டிய கணக்கின்படி, நம்மைத் தனித்துக் காட்டும் அடையாளங்கள். ஆங்கில எழுத்துருக்கள் மட்டும் உள்ள கணினி கோடிக்கணக்கானவற்றுள் ஒன்று. கோலாலம்பூரில் மூன்று பழைய தமிழ் எழுத்துருக்கள் உள்ள கணினி ஒரு சிலவற்றுள் ஒன்று. சிறுபான்மை மொழி பேசுவோர்க்குக் கூட்டம் இயல்பாகவே சிறிது.

இதனைத் தடுக்க உலாவிகள் வழி கண்டன. சஃபாரி 2018 முதல், கணினியோடு வரும் எழுத்துருக்களை மட்டுமே தளங்களுக்குத் தெரியவிடுகிறது; நாம் நிறுவியவை மறைக்கப்படுகின்றன. டோர் உலாவியும் குறிப்பிட்ட எழுத்துருக்களை மட்டுமே அனுமதிக்கிறது. தனியுரிமை நோக்கில் நல்ல செயல். ஆனால் ஒருங்குறிக்கு முந்திய தமிழ்ப் பக்கங்கள் வாசகரின் கணினியில் உள்ள எழுத்துருவை நம்பி எழுதப்பட்டவை. அவ்வெழுத்துரு மறைக்கப்பட்டால் அப்பக்கம் பொருளற்ற இலத்தீன் குறிகளாகவே தோன்றும். மதுரைத் திட்டத்தின் நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டதால் தப்பின. மாற்றப்படாத இதழ்களும் மடற்குழுப் பதிவுகளும் தனிப்பட்டோர் பக்கங்களும் கதவுக்கு வெளியே நிற்கின்றன. இக்கதவை மூடியவர்கள் தமிழை நினைத்து மூடவில்லை. அவர்கள் நினைவில் தமிழே இருந்திராது.

எழுத்துருவுக்கு அடுத்தது மொழி விருப்பம். பயனர் எம்மொழியில் பக்கத்தை விரும்புகிறார் என்பதை உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தானே அறிவிக்கிறது. ‘தமிழ் – மலேசியா’ அல்லது ‘தமிழ் – சிங்கப்பூர்’ என்று வரிசையின் தலையில் வைத்தவர் தம் வேலில் வேம்பைச் சூடிக்கொண்டவரே. டோர் உலாவியை ஆங்கிலமல்லாத மொழியில் இயக்குவோரிடம், ஆங்கிலப் பக்கங்களையே கேட்கட்டுமா, அது உங்களை அடையாளம் காண்பதைக் கடினமாக்கும் என்று அவ்வுலாவி வினவுகிறது. நேர்மையான வினா, கணக்கும் சரி. ஆனால் அதன் விளைவை நாம் எண்ண வேண்டும். ஒரு தளத்தைத் தமிழில் தரலாமா என்று முடிவுசெய்வோர் நோக்கும் சான்றுகளுள் ஒன்று, எத்தனை வருகையாளரின் உலாவி தமிழைக் கேட்டது என்பது. தமிழர் யாவரும் பாதுகாப்பின் பொருட்டு ஆங்கிலத்தைக் கேட்டால், கணக்கேட்டில் தமிழர் இல்லை.

என் சொந்தக் கணினியில் மொழிப் பட்டியலின் தலையில் தமிழையே வைத்திருக்கிறேன். செய்தி படிக்கவும் நூலகப் பட்டியலைத் தேடவும் நான் எவரிடமிருந்தும் மறைய வேண்டியதில்லை. விளம்பரத்தார் என்னை ஒரு தமிழ்ப் பேராசிரியர் என்று கண்டுகொண்டால் கண்டுகொள்ளட்டும். நோயைப் பற்றியோ பிறர் தம் துன்பத்தைக் கூறி என்னிடம் கேட்ட செய்தியைப் பற்றியோ தேட நேர்ந்தால், டோர் உலாவியைத் திறந்து, அது கேட்கும் வினாவுக்கு ‘ஆம்’ என்று விடையளித்து, ஆங்கிலத்தில் தேடுகிறேன். ஆங்கிலம் அறிந்த எனக்கு இது எளிது. வீட்டில் நிகழும் கொடுமையைப் பற்றி எவருக்கும் தெரியாமல் தமிழில் மட்டுமே படிக்கக்கூடிய தாய் ஒருவருக்கு அந்த ‘ஆம்’ பயன்படாது. அவருக்கு இன்று எஞ்சியிருப்பது, பலர் பயன்படுத்தும் பொது நூலகக் கணினியும் அதில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவுமே.